ஓரம் பார்க்கிறவர்

ஆம்பூரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போன அன்று, நாங்கள் வீட்டைப் பார்ப்பதற்குள் வீட்டுக்காரர் எங்களைப் பார்த்து முடித்துவிட்டார். வாசலில் நின்ற என் கணவரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். முதுகுப்பக்கம் நின்று கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு என் தோளில் தொங்கிய கைப்பையைக் கேட்காமல் கொள்ளாமல் வாங்கித் திருப்பினார். உள்ளே கையை விட்டு லைனிங்கைத் தடவினார். ஓரத்துத் தையலை மடித்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது எங்க வாங்கினதுமா?"

"எங்க ஷூ கம்பெனியிலதான் சார். ஸ்டாஃபுக்குக் குடுத்தாங்க."

"அதான பாத்தேன். செகண்ட்ஸ்." பையைத் திருப்பிக் கொடுத்தார். "வீடு மேல இருக்குது. போய்ப் பாருங்க."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்த நிமிடமே திரும்பிப் போயிருப்பேன். ஆனால் மாடியில் தண்ணீர் நன்றாக வந்தது, கம்பெனி பஸ் தெருமுனையில் நின்றது, கீழே அவர் மனைவி அதற்குள் எங்களுக்கும் சேர்த்து டீ போட ஆரம்பித்திருந்தார். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று உட்கார்ந்தவர்கள், ஓசூருக்கு மாற்றலாகி வரும்வரை அந்த வீட்டில்தான் இருந்தோம். அவர்களை அங்கிள், ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டோம். என்னை அவர்கள் பாப்பா என்றார்கள். எனக்கு அப்போதே தலையில் நாலு வெள்ளை முடி இருந்தது.

அங்கிள் ஒரு டேனரியில் செலக்‌ஷனில் இருந்து ஓய்வு பெற்றவர். பதனிட்டு முடித்த தோலை மேஜைமேல் விரித்து ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்டு, ரிஜெக்ட் என்று தரம் பிரிக்கிற வேலை. ஒரு தோலுக்குக் கிடைப்பது ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். முழுத் தோலையும் பார்த்துக்கொண்டிருந்தால் வந்த தோல் கட்டு, அதாவது லாட், அன்றைக்குள் முடியாது. அதனால் ஓரத்தைப் பார்ப்பார்கள். கழுத்து, வயிறு, கால் சந்து, அவ்வளவுதான். "நடு முதுகு எந்த மாட்டுக்கும் நல்லாத்தான் இருக்கும் பாப்பா. கோளாறெல்லாம் ஓரத்துலதான்" என்பார். வேலையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது அந்தக் கண்ணையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்.

தோசையைத் தட்டில் போட்டால் ஓரத்தைத் தூக்கி அடிப்பக்கம் பார்ப்பார். கல்யாணப் பத்திரிகை வந்தால் மாப்பிள்ளை பெண் பெயரைப் படிக்கமாட்டார், பின்பக்கம் எந்த அச்சகம் என்று பார்ப்பார். குடியாத்தத்திலிருந்து அவருடைய மச்சான் கொண்டுவந்து கொடுத்த லுங்கியை உள்பக்கம் திருப்பி, கரையைக் கிள்ளிப் பார்த்து, "பாஸ் பண்ணலாம்" என்றார். மச்சானுக்கு அதற்கப்புறம் ஒரு வருஷம் இந்தப் பக்கம் வரத் தோன்றவில்லை. சர்ச்சில் பாஸ்டர் பிரசங்கத்தை ஆரம்பிக்கும்போது உள்ளே இருப்பார், முடிக்கும்போது உள்ளே இருப்பார், நடுவில் வெளியே வேப்பமரத்தடியில் நிற்பார். வீட்டுக்கு வந்ததும் ஆன்ட்டியிடம், "ஆரம்பம் செகண்ட். முடிவு தேர்டு. பாஸ்டரு இந்த வாரம் சரியா ரெடி பண்ணல" என்பார்.

கூடத்துச் சுவருக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வந்தபோது நான் இல்லை, அது பழைய கதை. நீலத்தில் ஒரு சதுரம், பச்சையில் ஒரு சதுரம், சந்தனத்தில் இரண்டு சதுரம் என்று பெயின்டர் மாதிரிக்கு அடித்துக் காட்டியிருக்கிறார். எதுவும் பாஸாகவில்லை. பெயின்டர் போய்விட்டார், சதுரங்கள் இருந்துவிட்டன. அவர்கள் பையனின் கல்யாண ஆல்பத்தில் மாலையும் கழுத்துமாக நிற்கிற எல்லாப் படத்திலும் பின்னால் அந்தச் சதுரங்கள் இருக்கின்றன. ஆன்ட்டி அந்த ஆல்பத்தை எனக்குக் காட்டும்போது ஒவ்வொரு சதுரத்தையும் பேர் சொல்லி அறிமுகப்படுத்தினார்.

மிக்ஸி வாங்க வேலூர் லாங் பஜாருக்கு இரண்டு பேரும் போய், கடை கடையாக ஏறி இறங்கி, சாயங்காலம் கத்தரிக்காயோடு வந்து இறங்கியதை நானே பார்த்தேன். ஒவ்வொரு கடையிலும் மிக்ஸியைத் தலைகீழாகக் கவிழ்த்து அடியில் ஸ்க்ரூவைப் பார்த்திருக்கிறார். அதற்கப்புறம் ஆன்ட்டி பல மாதம் என் மிக்ஸியில்தான் சட்னி அரைத்தார். அங்கிளைப் பற்றி அவருக்குக் குறை இருந்தது, கோபம் இருந்து நான் பார்த்ததில்லை.

"நீங்க எப்படி ஆன்ட்டி இவருகிட்ட பாஸானீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பொண்ணு பாக்க வந்தப்போ எங்க ஊட்ல கரண்டு இல்ல பாப்பா" என்றார்.

இப்படி இருந்த வீட்டில்தான் ஆன்ட்டிக்கு வலது கண்ணின் நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி தெரிய ஆரம்பித்தது. வேலூரில் காட்டினார்கள். விழித்திரையின் நடுவில் சின்ன ஓட்டை விழுந்திருக்கிறது, அவசரமில்லை, இரண்டு மாதம் கழித்து ஆபரேஷன் செய்து கண்ணுக்குள் காற்று மாதிரி ஒன்றை நிரப்புவோம், அது ஓட்டையை அழுத்திப் பிடித்து மூட வேண்டுமென்றால் இரண்டு வாரம் குப்புறப் படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாப்பிடும்போதும் நடக்கும்போதும்கூடத் தலை குனிந்தே இருக்க வேண்டும். டிவி கிடையாது, வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பது கிடையாது, வருகிறவர்கள் முகத்தைப் பார்ப்பது கிடையாது. அதைக் கேட்டபோது ஆன்ட்டியின் முகம் சுருங்கியது. ஆன்ட்டிக்குத் தனியாக இருக்கத் தெரியாது. காய்கறி வண்டிக்காரரிடம்கூட அரைமணி நேரம் பேசுகிறவர்.

பையன் ஜெர்மனியில் ஷூ டிசைன் செய்கிற இடத்தில் வேலையில் இருந்தான். லீவு கிடைக்கவில்லை. அந்த வருத்தத்தில் பெங்களூர்க் கடை ஒன்றில் சொல்லி ஒரு மியூசிக் செட்டை அனுப்பிவைத்தான். இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபையர், சுற்றிவர ஒயர். அம்மாவால் பார்க்க முடியாத நாட்களில் கேட்கவாவது செய்யட்டும் என்பது அவன் எண்ணம். எண்ணம் நல்ல எண்ணம். ஆனால் போனில் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொன்னான் பாருங்கள், அங்கேதான் பிசகிவிட்டான்.

"நெட்ல பாட்டு குடுக்கறதுக்கு நிறைய சர்வீஸ் இருக்குப்பா. சிலதுல பாட்ட சுருக்கி அனுப்புவாங்க, சிலதுல ஸ்டுடியோவுல பதிஞ்ச மாதிரியே முழுசா வரும். எல்லாத்துலயும் முதல் மாசம் ஃப்ரீ. போட்டுப் பாத்து, இருக்கறதுல பெஸ்ட்டு எதுன்னு சொல்லுங்க. நான் காசு கட்டிடறேன்."

செலக்‌ஷன்காரரிடம் போய் இருப்பதில் சிறந்ததைப் பிரித்துக் கொடு என்று சொல்லலாமா? அங்கிளுக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. மறுநாள் காலை நான் கம்பெனிக்குக் கிளம்பும்போது, ஸ்பீக்கர் இரண்டையும் கூடத்திலிருந்து தெருப்பக்கத்து அறைக்கு நகர்த்திக்கொண்டிருந்தார்.

"அங்க ஏன் அங்கிள் கொண்டு போறீங்க?"

"வடக்கு ஜன்னல் இங்கதான இருக்குது."

தோலைத் தரம் பார்ப்பது வடக்கு வெளிச்சத்தில்தான். கிழக்கிலோ மேற்கிலோ வெயில் நேராக விழுந்தால் குறை தெரியாது என்பார்கள். அதுவும் காலை பத்து மணிக்கு மேல்தான் பார்க்க ஆரம்பிப்பார்கள். சரி, அது தோல். பாட்டுக்கு வெளிச்சம் எதற்கு என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "வேலைன்னா வேலை மாதிரி செய்யணும் பாப்பா" என்று ஜன்னலை அகலத் திறந்துவைத்தார். தெருவும் ரயில்பாதையும் கறிக்கடையும் அந்த ஜன்னல் வழியாக உள்ளே வந்தன.

சர்வீஸ்களுக்கு அவர் பெயர் வைத்துக்கொள்ளவில்லை. ஏ லாட், பி லாட், சி லாட் என்றுதான் சொல்வார். போனில் ஒரு பாட்டைப் போடுவார். பல்லவியின் முதல் வரி வரை கேட்பார். அப்புறம் விரலால் நேராக இழுத்துக் கடைசிக்குக் கொண்டுபோவார். முடிகிற இடத்தைக் கேட்பார். அடுத்த பாட்டு. கழுத்து, கால், அடுத்த தோல். ஆபரேஷன் தேதி வரைக்கும் அந்த வீட்டில் எந்தப் பாட்டிலும் சரணம் என்று ஒன்று வந்ததே இல்லை. அடுப்படியில் ஆன்ட்டி ஒரு பழைய பாட்டை அடையாளம் கண்டுபிடித்துச் சேர்ந்து முணுமுணுக்க வாயைத் திறப்பதற்குள் பாட்டு மாறிவிடும்.

"இன்னாங்க, அத வுடுங்களேன், நல்லா இருக்குது."

"பாத்தாச்சு. செகண்ட்."

முதல் வாரத்திலேயே ஏ லாட், பி லாட், சி லாட் மூன்றையும் ரிஜெக்ட் செய்துவிட்டார். ஏன் என்று என் கணவர் கேட்டதற்கு, "மூணுலயும் ஒரு டுக் டுக் சத்தம் வருது தம்பி. முடியற எடத்துல ஜாஸ்தியாவே வருது" என்றார். பெரிய பெரிய ஊரில் உட்கார்ந்து பெரிய பெரிய ஆட்கள் நடத்துகிற சர்வீஸ், மூன்றிலும் ஒரே டுக் டுக்கா? எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு சனிக்கிழமை கீழே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். உண்மைதான், வந்தது. நான் எழுந்து மாடிக்குப் போய் எங்கள் வாஷிங் மெஷினை நிறுத்திவிட்டு வந்தேன். டுக் டுக் நின்றுவிட்டது.

நான் சிரித்த சிரிப்புக்கு அவர் அசையவில்லை. "நல்ல சர்வீஸா இருந்தா அத மீறி இல்ல கேட்டிருக்கணும்?" என்றார்.

இருந்தாலும் மனிதர் நியாயவான். மூன்று லாட்டையும் திரும்ப மேஜைக்கு எடுத்தார். அது முடிந்து இலவச மாதமும் முடிகிற சமயத்தில் என் கணவர் இன்னொரு குண்டைத் தூக்கிப் போட்டார். அங்கிள் அதுவரை போனிலிருந்து செட்டுக்குப் ப்ளூடூத்தில் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். ப்ளூடூத்தில் போனால் எந்தப் பாட்டாக இருந்தாலும் அமுக்கிச் சுருக்கித்தான் போகும், ஒயர் போட்டால்தான் முழுசாக உள்ளே இறங்கும் என்று விளக்கினார். அங்கிள் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"அப்ப இவ்ளோ நாளா நான் பாத்தது எல்லாம் ஒரே தோலா?"

"ஏறக்குறைய அப்படித்தான் அங்கிள்."

"பேஜாரா போச்சே" என்று ஒயர் வாங்க வேலூருக்குக் கிளம்பினார். ஒயரையும் பாஸ் செய்ய வேண்டுமே. அதில் மூன்று நாள் போயிற்று.

மறுபடி முதலிலிருந்து. ஆனால் ஒரு நம்பருக்கு ஒரு தடவைதான் இலவச மாதம் கிடைக்கும். அவர் நம்பரும் ஆன்ட்டி நம்பரும் தீர்ந்துவிட்டன. என் நம்பரை வாங்கினார், என் கணவரின் நம்பரை வாங்கினார், பால்காரர் நம்பரை வாங்கினார். மாடியிலிருந்து நான் இறங்கினாலே, "பாப்பா, உனக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும் பாரு" என்பார். கடைசியில் பாஸ்டர் நம்பரையும் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு நேரத்தில் பாஸ்டர், "உங்கள் காதல் பாடல்கள் காத்திருக்கின்றனன்னு ஒரு வாரமா என் போனுக்குத் தகவல் வருது. யாரால வருதுன்னு எனக்கும் தெரியும், கர்த்தருக்கும் தெரியும்" என்றாராம். அங்கிள் அப்போது வேப்பமரத்தடியில் இருந்தார்.

எனக்குச் சிரிப்பு ஒருபக்கம், எரிச்சல் ஒருபக்கம். எதையும் ஏறின முதல் கடையிலேயே வாங்கிக்கொண்டு இறங்குகிறவள் நான். ஆபரேஷனுக்கு நாள் நெருங்கிவிட்டது. "அங்கிள், ஏதாவது ஒண்ண முடிவு பண்ணுங்க. எல்லாமே நல்லாத்தான் இருக்குது" என்று ஒருநாள் அடித்தே சொன்னேன். அவர் கையிலிருந்த போனைக் கீழே வைத்தார்.

"அவளுக்குக் கண்ணு இல்லாத நாள்ல காதுக்கு ரெண்டாந்தரத்தக் குடுக்கறதா பாப்பா?" என்றார்.

அந்த மனிதர் ஆன்ட்டியின் மேல் வைத்திருந்த பிரியம் அப்படித்தான். அந்தப் பிரியத்தால்தான் ஆன்ட்டிக்கு மிக்ஸி கிடைக்காமல் போனது, சுவருக்குப் பெயின்ட் கிடைக்காமல் போனது. இப்போது பாட்டும் கிடைக்காமல் போய்விடும் என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. காரின் பின்சீட்டில் தலையைக் குனிந்தபடியே ஆன்ட்டி வீடு வந்து சேர்ந்தார். தச்சரை வைத்துச் செய்த ஒரு உயரமான பலகைக் கட்டில் ஸ்பீக்கர் இருந்த அறையில் தயாராக இருந்தது, முகம் வைக்கிற இடத்தில் ஓட்டை. ஓட்டையைச் சுற்றி எங்கள் கம்பெனி ஃபோம் வைத்து, மேலே ஆட்டுத்தோல் லைனிங் தைத்திருந்தார் அங்கிள். அதில் மட்டும் ஒரு குறை சொல்ல முடியாது. நான் பலகைக்குக் கீழே குனிந்து எட்டிப் பார்த்து, "எப்படி இருக்குது ஆன்ட்டி?" என்றேன். ஒரு கண்ணில் கட்டோடு அந்த வட்டத்துக்குள்ளிருந்து ஆன்ட்டி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டைல்ஸத்தான் பாக்கறேன். இதுவும் செகண்ட்ஸுதான் பாப்பா."

அன்று சாயங்காலம் அங்கிள் செட்டைப் போட்டார். பாட்டு ஆரம்பித்தது. அந்த ஸ்பீக்கரில் எடுத்த எடுப்பில் தபேலா விழுந்தால் நெஞ்சில் விழும். ஆன்ட்டி பலகைமேல் விரலால் தாளம் போட ஆரம்பித்தார். பாட்டு மாறியது. அடுத்ததும் ஆரம்பித்தது, மாறியது.

"இது எஃப் லாட். இப்ப ஜி லாட் கேளு. எது நல்லா இருக்குதுன்னு சொல்லு."

"ரெண்டும் நல்லா இருக்குதுங்க. ஒண்ண ஓட வுடுங்க."

"அப்படி சொன்னா எப்படி? வித்தியாசம் பாரு."

இப்படியே ஐந்தாறு நாள் நடந்தது. ஒவ்வொரு நாளும் ஒரு நம்பருக்கு மாதம் முடிந்துகொண்டே வந்தது. பாஸாகாத லாட்டுக்குப் பையனைக் காசு கட்டச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. பால்காரர் நம்பர் முடிந்தது, என் நம்பர் முடிந்தது, கடைசியாகப் பாஸ்டரும் முடிந்தார். ஒருநாள் மத்தியானம் கீழே ஒரு சத்தமும் இல்லை. கூப்பிடுவதற்கு ஆன்ட்டி பலகையைத் தட்டுவார், அதுவும் இல்லை. லீவில் இருந்த நான் என்னவோ என்று இறங்கிப் போனேன். அங்கிள் ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு செட்டின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தார். ஆன்ட்டி காலையிலிருந்து அவரோடு பேசவில்லை என்று அவரே சொன்னார்.

நான் தரையில் உட்கார்ந்து, ஓட்டைக்குக் கீழே தலையை நீட்டினேன். ஆன்ட்டியின் மூக்கு நுனி சிவந்திருந்தது.

"பாப்பா, மேல போயி வாஷிங் மெஷின போட்டு வுடேன்."

"எதுக்கு ஆன்ட்டி?"

"அதுவாவது முழுசா ஓடும். எனக்கு ஒரு பாட்டு முழுசா கேக்கணும். வேற ஒண்ணும் வேணாம். நல்லா இல்லன்னாலும் பரவால்ல, முழுசா கேக்கணும்."

எனக்கு அழுகையும் வந்தது, அங்கிள் மேல் ஆத்திரமும் வந்தது. மேஜைமேல் கிடந்த ஆன்ட்டியின் போனை எடுத்தேன். முதன்முதலில் இலவச மாதம் எடுத்தது அந்த நம்பரில்தான். மாதம் முடிந்ததும் செத்துவிட்டது என்று அங்கிள் அதைத் தொடவே இல்லை. ஆனால் சில சர்வீஸ்கள் காசு கட்டாவிட்டாலும் நம்மைத் துரத்திவிடுவதில்லை. தரத்தைக் குறைத்து, நடுநடுவே விளம்பரம் போட்டு, ஓரமாக உட்காரவைத்துக்கொள்ளும். கம்பெனி பஸ்ஸில் நான் கேட்பதெல்லாம் அப்படித்தான். அங்கிள் கையிலிருந்த ஒயரைப் பிடுங்கிப் போனில் சொருகினேன்.

முதலில் வந்தது ஒரு மெத்தை விளம்பரம். முதுகுவலியா, நிம்மதியாக மல்லாந்து தூங்குங்கள் என்று ஒரு பெண் கொஞ்சிக் கொஞ்சிப் பேசினாள். குப்புறப் படுத்திருந்த ஆன்ட்டி களுக்கென்று சிரித்துவிட்டார்.

"ரிஜெக்ட்" என்றார் அங்கிள்.

"இருங்க, அந்தப் பொண்ணு பேசி முடிக்கட்டும். மொத்தமா ஒரு விஷயத்த சொல்ற மனுஷங்க கொரல கேட்டே நாளாச்சு."

அப்புறம் பாட்டு வந்தது. அங்கிளின் விரல் சும்மா இருக்குமா? பல்லவி முடிவதற்குள் எட்டி மாற்றிவிட்டார். கடைசிக்கு இழுத்துப் பார்த்தார், அந்த இலவசக் கணக்கில் இழுக்க வரவில்லை. அடுத்த பாட்டையும் மாற்றினார். இன்னொன்று, இன்னொன்று. அதற்கடுத்த பாட்டில் அழுத்தினார், மாறவில்லை. மறுபடி அழுத்தினார். போனில் ஏதோ எழுத்து வந்தது. கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"இன்னா பாப்பா சொல்லுது?"

"இனிமே இப்போதைக்கு மாத்த முடியாதாம் அங்கிள். காசு கட்டாதவங்களுக்குக் கொஞ்சம் தடவைதான் மாத்த வுடுமாம்."

"அப்ப?"

"அப்ப இந்தப் பாட்டு முடியறவரைக்கும் கேட்டுத்தான் ஆகணும்."

அவர் கை ஆம்ப்ளிஃபையர் பட்டனுக்குப் போனது. பழக்கம்தான், வேறு ஒன்றுமில்லை.

"கைய எடுங்க" என்றார் ஆன்ட்டி. கத்தவில்லை. முகம் தெரியாமல் பலகைக்குள்ளிருந்து வந்த அந்தக் குரலில் நானே இரண்டடி பின்னால் போய்விட்டேன். அங்கிள் கையை எடுத்துவிட்டார்.

பாட்டு ஓடியது. பல்லவி முடிந்து வயலின்கள் கூட்டமாக வந்தன. முதல் சரணம் வந்தது. அங்கிள் ஸ்பீக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எங்கே உட்காருவது என்று தெரியாதவர் மாதிரி நின்றார். இரண்டாம் சரணத்தில் ஆன்ட்டி சேர்ந்து பாட ஆரம்பித்தார். மெதுவாகத்தான் பாடினார், கண்ணுக்கு ஆகாது என்று. சர்ச்சில் எல்லோரோடும் சேர்ந்து ஆன்ட்டி பாடிக் கேட்டிருக்கிறேன். தனியாக அந்தக் குரலைக் கேட்டது அன்றுதான். ஒரு வார்த்தை தவறவில்லை. இத்தனை நாள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்ட பாட்டெல்லாம் அந்த ஒரு சரணத்தில் வந்துவிட்டது போலிருந்தது.

அங்கிள் திடீரென்று முட்டி போட்டார். ஒயரைச் சரி செய்யப் போகிறார் என்று நினைத்தேன். இல்லை, கட்டிலுக்குக் கீழே தவழ்ந்து போனார். மல்லாந்து படுத்து, ஓட்டைக்கு நேர் கீழே தலையைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். எதைக் கொடுத்தாலும் அடிப்பக்கம் பார்க்கிற மனிதர், அங்கிருந்து ஆன்ட்டியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அசையாமல் கிடந்தார்.

"இந்தப் பாட்டுல இப்படி ஒரு எடம் இருக்குதா?" என்றார்.

"வாய மூடிக்கினு கேளுங்க" என்றார் ஆன்ட்டி.

பாட்டு முடிந்தது. மெத்தைக்காரப் பெண் மறுபடி வந்து பேசினாள். இருவரும் அதையும் முழுசாகக் கேட்டார்கள். அடுத்த பாட்டு வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. நான் எதற்கு அங்கே நிற்கிறேன் என்று எனக்கே கூச்சமாக இருந்தது. கிளம்பலாம் என்று வாசல் வரை வந்தபோது அங்கிளின் போனில் ஜெர்மனியிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. எடுத்துக் கட்டிலுக்கு அடியில் நீட்டினேன்.

"அப்பா, எங்க படுத்திருக்கீங்க? இருட்டா இருக்கு."

"உங்க அம்மாக்குக் கீழடா."

பையனுக்குப் புரியவில்லை. புரியாததை விட்டுவிட்டு வந்த விஷயத்தைக் கேட்டான். "சர்வீஸ் பாத்து முடிச்சிட்டீங்களா? எது பெஸ்ட்டுன்னு சொல்லுங்க, இன்னைக்கே ஒரு வருஷத்துக்குக் கட்டிடறேன்."

"கட்டாதடா."

"ஏம்ப்பா? இன்னும் எதுவும் தேறலையா?"

பக்கத்து ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மேலே ஆன்ட்டி பாடுவதை நிறுத்திவிட்டு என்ன சொல்லப்போகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. அங்கிள் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், ரகசியம் சொல்கிறவர் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"காசு கட்டினா அது என்னைய பாட்ட மாத்த வுட்டுடும்டா."